பந்து எடுக்கப் போனவர்கள்

பாகூர்,
ஈசுவர வருஷம், மாசி 23 (1938)

அன்புள்ள அண்ணாவுக்கு ஆதிலட்சுமி வணங்கி எழுதியது.

அளவுச் சட்டை கேட்டு, பந்தாடும் பிள்ளைகளின் பதினோரு வீட்டுக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். ஏழுதான் வந்தது. நான் முதலில் கவனித்தது அதைத்தான். மற்ற நாலு பேரும் மறந்திருப்பார்கள் என்று நினைத்து மறுபடியும் சொல்லி அனுப்பினேன். மறுநாள் செல்லக்கண்ணுவின் அம்மா அமிர்தம், நம் கழனியில் அறுப்பு முடித்த கையோடு வந்து கொல்லைப் படல் அருகே நின்றாள். கையில் நாலு பனைநார்.

"சட்டைன்னு ஒண்ணு வூட்டுல இருந்தாதானே சின்னம்மா அளவுக்குக் குடுக்கறது? தோளுக்கு ஒரு முடிச்சு, மாருக்கு ஒரு முடிச்சு, நீளத்துக்கு ஒரு முடிச்சுன்னு போட்டாந்திருக்கேன். இது எம் புள்ளையது. இது நடேசனுது. இது சுப்புராயன், இது மரியதாஸு. மாத்தித் தெச்சுடாதீங்க, மரியதாஸு தொப்பைக்காரன்" என்றாள்.

அண்ணா, சேரிப் பிள்ளைகள் யாரும் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. நம் தெருவுக்குள் வரும்போது தோள் துண்டைக்கூட இறக்கி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த நாரைக் கையில் வாங்கும் வரை அது எனக்கு உறைக்கவில்லை.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். பந்தாட்டச் சங்கம் டவுனோடு நிற்காமல் இந்த வருஷம் டவுனுக்கு வெளியே உள்ள கொம்யூன்களில் இருந்தும் இரண்டு ஊரைச் சேர்க்கப் போகிறது. ஒன்று உழவர்கரை என்று முடிவாகிவிட்டது. இன்னொன்று நாமா, வில்லியனூரா என்று கமிட்டி வந்து பார்த்துச் சொல்லும். இவ்வளவையும் கேட்டுவிட்டு அப்பா, "பந்து ஒதைக்கறதுக்கு ஊரு பேரு இன்னாத்துக்கு?" என்றார். ஆனால் சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் போய் நின்று விளையாட்டைப் பார்த்தார்.

நீங்கள் அனுப்பிய மில்லுத் துணி வந்து சேர்ந்தது. நல்ல நீலம். ஆனால் சாயம் விடுகிறது. என் பத்து விரலும் நீலமாகி, அம்மா என்னை மாவு பிசைய விடவில்லை. சட்டையின் நெஞ்சில் பாகூர் என்று வெள்ளை நூலில் தைக்கட்டுமா? செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

கீழ்ப்படிந்த தங்கை,
ஆதிலட்சுமி

*

புதுச்சேரி,
1938 மார்ச் 11

சிரஞ்சீவி ஆதிக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

கடிதம் கண்டு மகிழ்ந்தேன். நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். நான் வாங்கித் தந்த தையல் மிஷின் இப்படி ஊருக்கே உபயோகப்படும் என்று நினைக்கவில்லை.

நெஞ்சில் பெயர் தைக்காதே. சங்கத்தில் இடம் கிடைத்த ஊர்தான் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்பது விதி. மற்ற விதிகள்: பதினோரு பேருக்கும் ஒரே சட்டை. கெட்டியான தரை. இரண்டு பக்கமும் கம்பம். இந்த மூன்றில் எது குறைந்தாலும் வில்லியனூருக்குப் போய்விடும். அவர்களுக்கு ரயில் இருக்கிறது, நமக்குக் கட்டை வண்டிதான். கமிட்டிக்கு எழுத்து வேலை செய்பவன் நான் என்பதால், என் ஊருக்கே இடம் கிடைக்கவில்லை என்று, நான் பத்திரம் எழுதும் நோட்டேர் ஆபீசில் எல்லோரும் சிரிப்பார்கள்.

இனி எழுதுவதைப் பொறுமையாகப் படி. தங்கவேல் பெரியப்பா போன வாரம் டவுனுக்கு வந்தவர் என்னைப் பார்த்தார். நாம் விளையாடும் களம் அவருடையது. "வெறும் ஒடம்போட ஓடுற வரைக்கும் நான் ஒண்ணும் சொல்லல. எங் களத்துல சேரிக்காரன் சட்டை போட்டுக்கினு நிக்கறதா? அதுவும் எம் மவன் போட்ட அதே சட்டை?" என்று கேட்டார். களம் இல்லையென்றால் எதுவும் இல்லை. ஆகையால் கமிட்டி வரும் ஒரு நாளைக்கு மட்டும் அந்த நாலு பேரும் வீட்டில் இருக்கட்டும். தவளக்குப்பம் சம்பந்தி வீட்டுப் பையன்கள் நாலு பேரை நிறுத்திக்கொள்ளலாம். இடம் கிடைத்த பிறகு மெல்ல மெல்லச் சேர்த்துக்கொள்வோம். சட்டைகளைப் பிரித்து அவர்கள் அளவுக்குத் தைத்து வை.

அன்புடன்,
சிவப்பிரகாசம்

*

பாகூர்,
பங்குனி 3

அண்ணாவுக்கு ஆதிலட்சுமி எழுதியது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

சட்டைகளைப் பிரிக்க மாட்டேன்.

உங்களுக்கு நான் மாட்டேன் என்று எழுதியது இதுவே முதல் தடவை. நேரில் என்றால் என் வாயிலிருந்து வந்திருக்காது. நான் பேசுவது அடுப்புக்குக்கூடக் கேட்காது என்று நீங்கள்தானே கேலி செய்வீர்கள். காகிதத்தில் கேட்கிறதா?

தவளக்குப்பத்துப் பையன்கள் வந்து ஒரு சாயங்காலம் ஆடினார்கள். ஒருவன் பந்து வந்தால் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மரியாதையாக வழிவிடுகிறான். இன்னொருவன் கம்பத்துக்குக் கீழே நின்றுகொண்டு, பந்து உள்ளே போன பிறகு "வந்துச்சா?" என்று கேட்கிறான். இவர்களை நிறுத்தினால் கமிட்டிக்காரர்கள் சட்டையைப் பார்ப்பார்களா, விளையாட்டைப் பார்ப்பார்களா?

நீங்கள் டவுனுக்குப் போன வருஷம் பொங்கலுக்கு அந்த முதல் பந்தைக் கொண்டுவந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? களத்தில் நின்று முதல் உதை யாருக்கு உதைத்தீர்கள்? பெரியப்பா மகன் உலகநாதன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். நீங்கள் செல்லக்கண்ணுவுக்குத்தான் உதைத்தீர்கள். அவன் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். நான் பார்த்தேன்.

தங்கை,
ஆதிலட்சுமி

*

புதுச்சேரி,
1938 மார்ச் 22

சிரஞ்சீவி ஆதிக்கு,

பந்து உனக்கு ஞாபகம் இருப்பதுபோல் எனக்கும் இருக்கிறது. அதனால்தான் கடிதத்தைக் கண்டு கோபப்படாமல், ஆபீசில் சொல்லிக்கொண்டு தங்கவேல் பெரியப்பாவைப் போய்ப் பார்த்தேன். பாகூருக்கு வந்தும் வீட்டுக்கு வராமல் போனதற்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேள். டவுனுக்குத் திரும்பும் கடைசிக் கட்டை வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மூன்று மணி நேரம் பேசி இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். களத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போடுகிறோம் அல்லவா? நாலு பேரும் கோட்டுக்குள் சட்டை போடலாம். விளையாட்டு முடிந்து கோட்டைத் தாண்டும்போது கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். பெரியப்பாவின் ஆள் கூடையோடு நிற்பான். சட்டைகள் பெரியப்பா வீட்டில் இருக்கும். மறு விளையாட்டுக்கு மறுபடி கோட்டருகே கொடுப்பார்கள்.

இதுவே பெரிய காரியம், ஆதி. இந்த ஊரில் இவ்வளவாவது நடக்கும் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாயா? பிள்ளைகளுக்குப் பக்குவமாகச் சொல்லச் சொல்லி அப்பாவிடம் படித்துக் காட்டு.

அன்புடன்,
சிவப்பிரகாசம்

*

பாகூர்,
பங்குனி 15

அண்ணாவுக்கு,

அப்பா களத்துக்குப் போய்ப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொன்னார். பெரியப்பாவும் வந்திருந்தார். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று கேட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எல்லாம் கேட்டுவிட்டுச் செல்லக்கண்ணு எழுந்து நின்றான். துண்டு இடுப்பில்தான் இருந்தது.

"ஒரு சந்தேகம் ஆண்டை. பந்து கோட்டுக்கு வெளிய போச்சுன்னா, வெளிய நின்னுதான் கையால எறியணும். அது ஆட்டத்தோட சட்டம். அப்ப இன்னா பண்றது? கழட்டிக் கூடையில போட்டுட்டு, எறிஞ்சுட்டு, மறுபடி மாட்டிக்கினு உள்ள வரணுமா?"

உலகநாதன் சிரித்துவிட்டான். பெரியப்பா மகன் பக்கம் திரும்பிப் பார்த்ததும் இருமுவதுபோல் மாற்றிக்கொண்டான்.

"அதுக்குள்ள எதிராளி மூணு தடவ அடிச்சுடுவான்" என்றான் மரியதாஸ், தரையைப் பார்த்தபடியே.

பெரியப்பா அப்பாவையும் மற்ற பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனார். உழவுக்கும் அறுப்புக்கும் நாள் குறிப்பதைவிட அதிக நேரம் பேசினார்கள். திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்கள்: பந்து வெளியே போனால் அதை எடுத்துக்கொண்டு வரும் வரை சட்டை போட்டிருக்கலாம். பந்து வந்த பிறகு சட்டையோடு வெளியே நிற்கக் கூடாது.

"பந்து வர்ற வரைக்கும்" என்று செல்லக்கண்ணு ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "சரிங்க ஆண்டை."

பெரிய காரியம் என்று எழுதியிருந்தீர்கள். நம் எருதுக்குக்கூட நுகத்தடி கழற்றினால் கழுத்துமணியைக் கழற்றுவதில்லை அண்ணா. பதினொன்றும் தைத்து முடித்துவிட்டேன். எது யாருடையது என்று அடுக்கி வைத்தால் எனக்கே தெரியவில்லை. எல்லாம் ஒரே நீலம்.

ஆதிலட்சுமி

*

புதுச்சேரி,
1938 ஏப்ரல் 2

ஆதிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். வருகிற பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கமிட்டி பாகூருக்கு வருகிறது. மூன்று பேர். அதில் ஒருவர் வெள்ளைக்காரத் துரை, முசே என்றுதான் கூப்பிட வேண்டும். தவளக்குப்பத்துக்காரர்களோடு ஓர் ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டும். வில்லியனூரைப் போன வாரம் பார்த்தார்கள். ரயிலை விட்டு இறங்கினால் எதிரே மைதானம், முசேவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆனால் தரை பள்ளம், மழை பெய்தால் நீர் நிற்குமாம். நமக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஞாயிறானாலும் எனக்கு ஆபீசில் அன்று வேலை. வர முடியாது. ஒன்றும் ஏடாகூடமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல். நீ எதிர்த்து எழுதியதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

சிவப்பிரகாசம்

*

பாகூர்,
பங்குனி 29

அண்ணாவுக்கு,

நேற்றுக் கமிட்டி வந்துபோனது.

முதலில் சிரிக்க வேண்டிய விஷயம். வரவேற்பு நன்றாக இருக்க வேண்டும் என்று பெரியப்பா விடியும் முன்னே ஆள் வைத்து இரண்டு பக்கக் கம்பத்திலும் குலையோடு வாழைமரம் கட்டி, குறுக்கே மாவிலைத் தோரணம் போட்டுவிட்டார். நாயனக்காரர் முன்னே வர, மூன்று பேரையும் கோல் கம்பங்களுக்கு நடுவே நுழைத்துத்தான் களத்துக்குக் கூட்டிவந்தார்கள். அந்த முசே குனிந்து தோரணத்துக்கு அடியில் புகுந்துவிட்டுத் திரும்பி, அது என்னவென்று பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியப்பாவுக்கு ஏன் என்று விளங்கவில்லை. மங்கலமாகக் கட்டியதை அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகையால் அப்படியே ஆடினார்கள். நடேசன் அடித்த முதல் அடி வாழைத்தாரில் பட்டு நாலு காய் உதிர்ந்தது. அதைக் கோல் என்று கணக்கில் எடுக்க வேண்டும் என்று சுப்புராயன் வாதாடினான்.

பிறகு செல்லக்கண்ணு இரண்டு கோல் போட்டான். உலகநாதன் ஒன்று. ஜெயித்துவிட்டோம். முசே சட்டைத் துணியைத் தொட்டுப் பார்த்து, தைத்தது யார் என்று கேட்டாராம். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தேன். அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை.

இனி நீங்கள் எப்படியும் கேள்விப்படப் போவது. ஆட்டம் முடிந்து ஊதல் ஊதியதும் பெரியப்பாவின் ஆள் கூடையோடு கோட்டருகே வந்து நின்றான். ஏழு பேர் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள். நாலு பேர் கோட்டுக்கு உள்ளேயே நின்றார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. செல்லக்கண்ணு பந்தைக் காலடியில் வைத்திருந்தான். சட்டையின் கீழ்ப் பக்கத்தைக் கையால் பிடித்தான். கழற்றப்போகிறான் என்றுதான் நினைத்தேன். பிறகு குனியாமல், நிமிராமல், ஒரே ஒரு உதை. பந்து கூடைக்காரன் தலைக்கு மேலே போய், நம் தெருவில் விழுந்து, உருண்டுகொண்டே போனது.

"பந்து வெளிய போயிடுச்சு ஆண்டை. எடுத்தாந்துடறோம்" என்றான்.

நாலு பேரும் கோட்டைத் தாண்டினார்கள். ஓடவில்லை அண்ணா, நடந்தார்கள். நீலச் சட்டையோடு நம் தெரு வழியே, பெரியப்பா வீட்டு வாசலைத் தாண்டி, பந்துக்குப் பின்னால். கிட்டே போனதும் நடேசன் காலால் ஒரு தட்டுத் தட்டுவான். பந்து மறுபடி முன்னே போகும். பெரியப்பா எழுந்துவிட்டார். ஆனால் தீர்ப்பு அவருடையது, பக்கத்தில் கமிட்டி வேறு. வாய்க்காலைத் தாண்டிச் சேரிக்குள் பந்து போயிற்று. அவர்களும் போனார்கள்.

பந்து இன்னும் வரவில்லை.

ஆதிலட்சுமி

*

புதுச்சேரி,
1938 ஏப்ரல் 16

ஆதிலட்சுமிக்கு,

கமிட்டிக்குப் பாகூர் பிடித்துவிட்டது. பட்டியலில் பாகூர் என்று நானே என் கையால் எழுதினேன். தரை நம்முடையதுதான் நல்ல தரை என்று முசே சொன்னார். அந்தச் சந்தோஷம் ஒரு நாள்தான் இருந்தது.

தங்கவேல் பெரியப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நாலு சட்டையும் பந்தும் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் களம் உண்டு. இல்லையென்றால் சித்திரையிலேயே களத்தை உழுது எள் விதைத்துவிடுவாராம். களம் இல்லையென்று தெரிந்தால் கமிட்டி அடுத்த நிமிஷமே வில்லியனூருக்குக் கொடுத்துவிடும். பதினைந்து நாளுக்குள் மைதானத்தை உறுதிசெய்து எழுத வேண்டும்.

ஆள் விட்டுக் கேட்டால் அடிதடியாகும். அப்பா போனால் அவருக்கு மரியாதை இல்லை. நீ போ. நீ தைத்த சட்டை, நீ கேட்டால் அமிர்தம் மறுக்கமாட்டாள். அந்த நாலு பேரும் கொடுத்துவிடுவார்கள். இது உன்னால் மட்டும் ஆகிற வேலை.

இந்தச் சட்டை விவகாரத்தில் உன் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதனால் மிஷினைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்படி அப்பாவுக்குத் தனியே சொல்லி அனுப்பியிருக்கிறேன். சட்டைகள் வந்ததும் திறந்து தருவார். நான் இந்த ஊருக்காகத்தான் இவ்வளவும் செய்கிறேன். அது உனக்கு ஒரு நாள் விளங்கும்.

சிவப்பிரகாசம்

*

பாகூர்,
வெகுதானிய வருஷம், சித்திரை 9

அண்ணாவுக்கு,

வருஷப் பிறப்புக்கு நீங்கள் வரவில்லை. அம்மா உங்கள் பங்குப் பாயசத்தை எடுத்து வைத்திருந்தாள்.

அப்பா மிஷினைப் பூட்டிவிட்டார். சாவியை மடியில் செருகிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். நீங்கள் சொன்னபடி நேற்று நான் போனேன். மத்தியானத்தில், தெரு வழியாகத்தான் போனேன். தங்கவேல் பெரியப்பா வீட்டு வாசலில் பெரியம்மா, "எங்கடி போற?" என்று கேட்டாள். "சேரிக்கு" என்றேன். அவளுக்குக் கேட்டது. மறுபடி கேட்கவில்லை.

பதினாறு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போனதில்லை. அமிர்தம் வீட்டு வாசலில் வேப்பமரம் இருக்கிறது. நான் வந்த காரணம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. வாய் திறக்கும் முன்பே அமிர்தம் உள்ளே போய் நாலு சட்டையையும் துவைத்து மடித்தபடி எடுத்துவந்தாள். மேலே பந்து.

"எடுத்துக்கினு போங்க சின்னம்மா. ஒங்க கையால தெச்சது. நீங்க கேட்டு இல்லன்னு சொல்ல மாட்டான் எம் புள்ள" என்றாள்.

செல்லக்கண்ணு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். சட்டை இல்லை. ஆனால் கழுத்திலும் தோளிலும் மில்லுச் சாயம் அப்படியே இருந்தது. தேய்த்தும் போகவில்லையாம். "சட்டையக் குடுத்துடலாம். இத எந்தக் கூடையில போடறது?" என்று தோளைக் காட்டினான். அவன் சிரிக்கவில்லை. அமிர்தமும் சிரிக்கவில்லை.

அண்ணா, நீங்கள் எழுதியதில் ஒன்று சரி. நான் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் நான் கேட்கவில்லை.

களத்தைப் பெரியப்பா உழட்டும். எள் நன்றாக விளையும். நம் ஏரி வற்றிக் கிடக்கிறது. அதன் தரை யார் வீட்டுக் களமும் இல்லை, சர்க்கார் தரை. மழை வரும் வரை அங்கே ஆடலாம். முந்தாநாளே பிள்ளைகள் களத்துக் கம்பங்களைப் பிடுங்கி அங்கே நட்டுவிட்டார்கள், வாழைமரம் இல்லாமல். ஒரு கம்பத்தை உலகநாதன் தூக்கிவந்ததாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை. மைதானம் இருக்கிறது என்று கமிட்டிக்கு எழுதுவதோ, இல்லை என்று எழுதுவதோ உங்கள் கையில். வில்லியனூருக்குத்தான் என்றால் அதையும் எழுதுங்கள். அவர்களை ஒரு ஆட்டத்துக்கு இங்கே கூப்பிடுவோம். வண்டி அனுப்புவோம்.

சங்கத்தில் இடம் கிடைத்த ஊர்தான் பெயர் போட்டுக்கொள்ளலாம் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். ஊருக்குப் பெயர் சங்கம் வைத்ததா?

பந்தை அமிர்தத்திடமே திருப்பிக் கொடுத்தேன். மிஷின் இல்லாவிட்டால் என்ன, கை ஊசியும் வெள்ளை நூலும் முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, முதலில் செல்லக்கண்ணுவின் சட்டையை மடியில் விரித்து, நெஞ்சில் பாகூர் என்று தைத்தேன்.

ஆதிலட்சுமி